கும்பெர்ட் புறா

கெல்சன்கிர்ஷன், 17 மார்ச் 1935

யூலியுஸ்,

ஒரு வருடமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஹாலந்துக்குப் போனவன்தான் முதலில் எழுத வேண்டும் என்று நான் வீம்பாக இருந்தேன். இங்கேயே இருக்கிறவன்தான் எழுத வேண்டும் என்று நீ இருந்திருப்பாய். நேற்று லீனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "ஒண்ணு எல்லைக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். எந்தக் கழுதை முதல்ல கத்துதுன்னு பாக்கலாம்" என்றாள். இதோ கத்திவிட்டேன், போதுமா?

இங்கே செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சுரங்க வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். பெர்லினில் யாராவது பேசுகிற நாளில் உடம்பெல்லாம் கரியோடு நின்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே பானைச் சமையல். மிச்சம் பிடித்ததை உண்டியலில் போட வேண்டும். தெருவைக் கண்காணிக்கிற அம்மாள் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள். போன ஞாயிறு லீனா பட்டாணி சூப்புக்கு அடியில் ஒரு பன்றிக்காலை அமுக்கி வைத்தாள். (இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம். அது மிகவும் சின்னக் கால்.)

விஷயத்துக்கு வருகிறேன். நீ செருப்புக் கடையைப் பூட்டிய அன்று, பூட்ஸ் டப்பாவில் வைத்து ஒரு குஞ்சைக் கொடுத்தாயே, இன்னும் பறக்கக்கூடத் தெரியாத குஞ்சு, அது இப்போது பெட்டை. நீலச் சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை மினுக்கம். கையில் பிடித்தால் நெஞ்சு எலும்பு அப்படியே உள்ளங்கையில் பொருந்துகிறது. பயிற்சிக்கு எங்கே கொண்டுபோய் விட்டாலும், என் மற்ற புறாக்கள் வழியில் யோசித்துக்கொண்டிருக்கும்போது, இவள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் புறா பார்த்தவன்தான், யூலியுஸ். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஜூலையில் பாஸாவ் பந்தயம். பவேரியாவின் கடைக்கோடியிலிருந்து நம் ஊர் வரை. இவள் அடிப்பாள். ஆனால் காலில் இருப்பது உன் வளையம். குஞ்சாக இருந்தபோது நீ மாட்டியது, இனிக் கழற்ற முடியாது. வளையம் யார் பெயரிலோ அவர் பெயரில்தான் புறா பறக்க வேண்டும் என்று சங்க விதி. உன் பெயர் சங்கத்தில் இல்லை. அதனால் அவளை எனக்கு மாற்றித் தந்ததாக ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அட்டை உள்ளே இருக்கிறது.

ஹெட்விக்குக்கு என் அன்பு.

குஸ்தாவ் ரோகல்லா


என்ஸ்கெடே, 2 ஏப்ரல் 1935

குஸ்தாவ்,

உன் கடிதம் பிரிக்கப்பட்டு, மிக அழகாக மறுபடி ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் வேலைத்தரம் இன்னும் குறையவில்லை என்பதில் மகிழ்ச்சி.

சங்கத்தில் என் பெயர் இல்லை என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய். அந்தச் சங்கத்தைப் போரிலிருந்து திரும்பியதும் என் கடைப் பின்னறையில்தானே தொடங்கினோம்? முதல் பந்தயக் கடிகாரம் என் கடையில்தானே இருந்தது? அப்படியிருந்தும் பியர் நுரை அடங்குவதற்குள், யூதன் என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். நீ எழுந்து ஏதோ சத்தம் போட்டாயாம். பிறகு உட்கார்ந்துவிட்டாயாம். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய்.

வளர்ந்த புறாவை யாருக்கும் தானம் கொடுக்க முடியாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். முதன்முதலில் எந்தக் கூரையிலிருந்து பறந்ததோ அதற்குத்தான் அது திரும்பும். கூரை போனால் புறாவும் போக வேண்டியதுதான். ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன் என் புறாக்களின் கழுத்தை நானேதான் திருகினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. சிவப்பனிடம் வந்தபோது மட்டும் கை வரவில்லை. இங்கே தூக்கிக்கொண்டு வந்தேன். குளிர்காலம் முழுக்க அடைத்துவைத்து, கோதுமையும் பட்டாணியும் என் கையாலேயே ஊட்டினேன். பழகிவிட்டான் என்று நம்பிப் போன வாரம் கதவைத் திறந்தேன். ஒரே ஒரு வட்டம் அடித்தான், நேராகத் தெற்கே போய்விட்டான். அங்கிருந்து விரட்டப்பட்டோம் என்பது அவனுக்குப் புரியவில்லை. அவனுக்கு என் அளவு ரோஷம் இல்லை போலிருக்கிறது.

நீலப் பெட்டை என் வீட்டுக் குஞ்சு. அவளுடைய தாயும், அந்தத் தாயின் தாயும் என் கூரையில் பொரித்தவை. பறந்தால் அவள் கும்பெர்ட் என்ற பெயரில் பறக்கட்டும். முடியாது என்றால் சூப் வைத்துக் குடி. அட்டையைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

யூலியுஸ் கும்பெர்ட்


கெல்சன்கிர்ஷன், 26 மே 1935

யூலியுஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு லீனா ஒட்டிவைத்தாள். தபாலில் இருக்கிற ஐயா அளவுக்கு அவளுக்கு ஒட்ட வரவில்லை.

சூப் வைக்க வேண்டுமாம்! இவ்வளவு பேசுகிறாயே, உன் சிவப்பன் எங்கே என்று கேட்டாயா? கேட்கமாட்டாய், ஏனென்றால் செத்திருப்பான் என்று உனக்குப் பயம். அவன் இங்கே வந்து சேர்ந்தான். உன் கூரைமேல் இருந்த கூண்டைப் புதுக் கடைக்காரன் இடித்து விறகாக்கிவிட்டான். கூண்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, மழைத்தண்ணீர்க் குழாய்மேல் உட்கார்ந்துகொண்டான். கடைக்காரன் கரித்துண்டு எறிந்தான். இவன் எழும்பிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் நான் ஏணி கொண்டுபோய், பட்டாணி காட்டி, தெருவே வேடிக்கை பார்க்க அவனை இறக்கினேன். என்னை இறக்க யாரும் ஏணி பிடிக்கவில்லை. இப்போது அவன் என் கூண்டில்தான் இருக்கிறான். திறந்துவிட்டால் உன் கூரைக்கே போய்விடுவான் என்று அடைத்து வைத்திருக்கிறேன். உன் நீலப் பெட்டையோடு ஜோடி சேர்ந்துவிட்டான்.

ஏன் இன்னும் சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டாய். எழுந்து போனால் நாளைக்கே காவல்காரன் வருவான். சங்கத்தில் இல்லாதவன் வீட்டில் பந்தயப் புறா இருக்கக் கூடாது. பகலெல்லாம் பூமிக்கு அடியில் குனிந்து கிடக்கிற மனுஷனுக்கு அண்ணாந்து பார்க்க ஒன்று வேண்டும். உனக்குத் தெரியாததா?

இப்போது கேள். போன வாரம் சங்கத் தலைவர் ஓட்டோ க்ரேவர் வீட்டுக்கே வந்தார். கோட்டில் கட்சிச் சின்னம், கையில் ஒரு பாட்டில் சாராயம். பக்கத்து ஊர் வாட்டன்ஷைட்காரர்கள் மூன்று வருடமாகப் பாஸாவை ஜெயிக்கிறார்கள் இல்லையா, அது அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீலப் பெட்டையைக் கையில் வாங்கினார். சிறகை விரித்துப் பார்த்தார், நெஞ்சைத் தடவினார், கண்ணை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, அவனும் ஒரு காலத்தில் நல்ல புறாக்காரன்தானே. பிறகு, "கையெழுத்த நீயே போட்டுடு குஸ்தாவ், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். நான் கள்ளக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை என்றேன். இன்னொரு குவளை ஊற்றிக் குடித்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். வளைய எண்ணை மட்டும் எழுதிக்கொள்வாராம், உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடுவாராம், யாராவது கேட்டால் அவர் பார்த்துக்கொள்வாராம்.

உன் பெயர் இல்லை, சரி. ஆனால் என் பெயரும் இல்லை, வேறு எவன் பெயரும் இல்லை. இதற்காவது சம்மதி. அவள் வயதுக்கு இதுதான் பறக்க வேண்டிய வருடம்.

குஸ்தாவ்


(தபால் அட்டை) என்ஸ்கெடே, 3 ஜூன் 1935

காலிக் கட்டம் என் பெயர் அல்ல. பறக்க விடாதே. சிவப்பனுக்குப் பட்டாணியோடு கொஞ்சம் ஆளி விதையும் கலந்து கொடு, இல்லாவிட்டால் அவனுக்கு வயிறு சரியில்லாமல் போகும்.

யூ. கு.


கெல்சன்கிர்ஷன், 8 ஜூலை 1935

யூலியுஸ்,

பறக்க விட்டேன். திட்டு, நன்றாகத் திட்டு. ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

நேற்றுக் காலை பாஸாவில் எதிர்க்காற்று என்று ரயில் நிலையத்துக்குத் தந்தி வந்தது. சாயங்காலத்துக்கு முன் ஒன்றும் வராது என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. முற்றத்தில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துப் புகைக்கூண்டுக்கு இடது பக்கம் ஒரு புள்ளி. அது வட்டமிடவில்லை, யோசிக்கவில்லை. சிறகை மடக்கிக்கொண்டு கல் விழுவதுபோல நேராகக் கூண்டு வாசலில் இறங்கினாள். உள்ளே சிவப்பன் கத்துகிறான்.

நான் அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். லீனாதான் அவள் காலிலிருந்து, பந்தயத்துக்காக மாட்டிய ரப்பர் வளையத்தை உருவினாள். அது பந்தயக் கடிகாரத்துக்குள் விழுகிற நேரம்தான் கணக்கு, கடிகாரம் இருப்பதோ தெருக்கோடிச் சாராயக்கடையில். எனக்கோ நெஞ்சில் கரித்தூசி, பத்தடி ஓடினால் இருமல். லீனா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளையத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள் பார்! அந்த வயதில்! கண்காணிப்பு அம்மாள் ஜன்னலிலிருந்து, "எங்க நெருப்பு?" என்று கத்தினாளாம். இவளுக்கு வாய் திறக்க முடியாது. கடிகாரத்தில் வளையத்தைப் போட்டுத் திருகிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

மாவட்டத்திலேயே முதல், யூலியுஸ். வாட்டன்ஷைட்காரனின் முதல் புறா வரும்போது நம் பெட்டை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்க்காற்றில் இப்படிப் பறக்க அவளுக்கு நீயும் நானும் சொல்லித் தரவில்லை. அது உன் வீட்டு ரத்தம். பெருமையில் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

குஸ்தாவ்


என்ஸ்கெடே, 13 ஜூலை 1935

குஸ்தாவ்,

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். பக்கத்து வீட்டு நெசவாளி வில்லெமும் புறா வளர்க்கிறவர். பாஸாவ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சாக்கட்டியால் நடைபாதையில் வரைந்து காட்டினேன். ஹெட்விக் வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் சத்தமாகச் சிரித்தது இப்போதுதான் என்கிறாள். லீனாவின் கால்களுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இதற்கெல்லாம் பிறகும் நான் கோபமாகத்தான் இருக்கிறேன். வேண்டாம் என்று எழுதினேன், நீ செய்தாய். இப்போது மாவட்டமே பேசும். யாரைப் பற்றிப் பேசும்? முதலில் வந்தது யாருடைய புறா? காலிக் கட்டம் ஜெயித்துவிட்டது என்றா? நான் அங்கே வாழவே இல்லை என்று ஆக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். என் கடைப் பலகை போய்விட்டது, கூண்டு விறகாகிவிட்டது. என் பெயர் இருக்கிற கடைசிப் பொருள் அவள் காலில் இருக்கும் வளையம்தான். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. உன்மேல் இருந்த கோபத்தால் இல்லை. கோபமும் கொஞ்சம் இருந்தது.

பரிசளிப்பில் என்ன பெயர் படிக்கிறார்கள் என்று மட்டும் எழுது. சமாதானம் சொல்லாதே.

யூலியுஸ்


கெல்சன்கிர்ஷன், 18 ஆகஸ்ட் 1935

யூலியுஸ்,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, லீனாவின் காலுறைக்குள் வருகிறது. முதல்முறையாக யாரும் பிரித்து ஒட்டாத கடிதம். மனம்விட்டு எழுதுகிறேன்.

பரிசளிப்பு சங்கத்தின் சாராயக்கடையில்தான் நடந்தது. நாம் கோப்பைகள் வைத்திருந்த சுவரில் இப்போது பெர்லினில் பேசுகிற அந்த ஆளின் படம் தொங்குகிறது. வாட்டன்ஷைட்காரர்களையும் அழைத்திருந்தார்கள். மாவட்டக் கட்சிக்காரர் ஒருவரும் பூட்ஸ் பளபளக்க வந்திருந்தார். க்ரேவர் எழுந்து, கையை நீட்டிக் கட்சி வணக்கம் முழங்கிவிட்டு, "பாஸாவ், முதல் பரிசு, உரிமையாளர் குஸ்தாவ் ரோகல்லா" என்று படித்தார். காலிக் கட்டத்தை என் பெயரால் நிரப்பிவிட்டார்கள். நீ சொன்னது சரிதான். அதைக் காலியாகவே விட்டுவைக்க அவர்களால் முடியாது.

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நான் எழுந்து முன்னால் போனேன். பதக்கத்தை நீட்டினார். என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது.

"அது என் பேருதான். ஆனா புறா என்னுது இல்ல. அது யூலியுஸ் கும்பெர்ட் புறா. கால்ல வளையம் இருக்கு, எழுத்து தெரிஞ்சவங்க வந்து படிச்சுக்கலாம்."

யாரும் தட்டவில்லை, யூலியுஸ். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். எல்லோரும் அவரவர் குவளையைப் பார்த்தார்கள். க்ரேவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காருடா மடையா, உனக்காகத்தான செஞ்சேன்" என்றார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் வேதனை. நான் உட்காரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வாட்டன்ஷைட்காரக் கிழவன் ஒருவன் மூத்திரம் பெய்துகொண்டிருந்தான். "கும்பெர்ட்டா? அந்தச் செருப்புக்கடைக்காரரா? அதானே பாத்தேன், அவரு கை வளத்ததுதான்" என்றான். ஊர் சார்பில் உனக்கு வந்த வாழ்த்து அவ்வளவுதான்.

பிறகு கொஞ்ச நாள் ஊரில் வேறோர் இடத்தில் தங்க வேண்டியிருந்தது. சாப்பாடு மோசம். ஒரு பல் அங்கேயே தங்கிவிட்டது. அதைப் பற்றி லீனாவிடம் கேட்காதே, அழுவாள். சுரங்கத்தில் தண்ணீர் சொட்டுகிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கூண்டைக் காலி செய்யும்படி காவல்காரன் வந்து சொன்னான். நல்லவன், கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

நீ செய்ததுபோலவே நானும் என் கையாலேயே செய்தேன். சிவப்பனையும்தான். நீலப் பெட்டையைக் கடைசியாக எடுத்தேன். இதற்கு மேல் எழுதவில்லை.

ஆனால் அவள் முட்டையிட்டிருந்தாள். இரண்டு முட்டை, இரண்டிலும் உயிர் ஓடுகிறது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். முட்டைக்கு வளையமும் கிடையாது, சங்கமும் கிடையாது. லீனா அவற்றைப் பஞ்சில் சுற்றி உள்பாடிக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறாள். எல்லையில் தடவிப் பார்ப்பார்களே என்றேன். "பாக்கட்டும், இந்த மாரப் பாத்தே பயந்து ஓடிருவானுங்க" என்கிறாள். வந்த உடனே வில்லெம் வீட்டுப் புறா எதன் அடியிலாவது வைத்துவிடு. சூடு ஆறக் கூடாது. அங்கே பொரித்து, அங்கே பறந்தால், அவை உன் கூரையை விட்டு எங்கும் போகமாட்டா.

நான் வருத்தமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடக்கிறேன். இருமல்தான் குனிய வைக்கிறது.

குஸ்தாவ்


என்ஸ்கெடே, 15 ஜூன் 1936

குஸ்தாவ்,

ஐரோப்பாவிலேயே வெதுவெதுப்பான இடத்தில் பயணம் செய்து வந்த அந்த முட்டைகளோடு லீனா என் வாசலில் நின்றபோது, நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சா முட்டையத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்" என்றாள். அதனால் இது வரையில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவள் பங்குக்கு மூன்று நாள் இருந்து, என் கூண்டுக்குப் பலகை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு முட்டை பொரிக்கவில்லை. மற்றொன்று ஆண். நீல உடம்பு, சிறகில் சிவப்புச் சாயல், தாயின் கண், தகப்பனின் பிடிவாதம். இதையெல்லாம் குளிர்காலக் கடிதங்களில் எழுதினேன். எழுதாதது ஒன்று இருக்கிறது. முடியும் வரை சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

நான் இங்கே சங்கத்தில் சேர்ந்தேன். வில்லெம் ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்; சங்கம் என்றாலே எனக்குக் கசந்தது. இந்த முறை நானே போனேன். செயலாளர் உரிமையாளர் பெயர் கேட்டார். கூட்டாகப் புறா வளர்க்கிறவர்கள் இரண்டு பெயர் கொடுப்பது எங்கும் வழக்கம்தானே, இரண்டு பெயர் கொடுத்தேன். கும்பெர்ட், ரோகல்லா. ரோகல்லா எங்கே என்றார். கெல்சன்கிர்ஷனில், சுரங்கத்தில் என்றேன். கூட்டாளி இந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் என் பெயரையும் எழுத வேண்டாம் என்று தொப்பியை எடுத்தேன். வில்லெம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரிடம், "இந்த ஆளோட மல்லுக்கு நிக்காதீங்க, சும்மா எழுதிக்கோங்க. நான் ரெண்டு வருஷமா பக்கத்து வீடு, எனக்குத் தெரியும்" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

நேற்று பிரான்ஸில் ஆர்லேயானிலிருந்து பந்தயம். நம் பையனுக்கு இதுதான் முதல் தூரப் பறப்பு. மழை. மூன்றாவதாக வந்தான். முதலாவது இல்லை, உன்னிடம் நானும் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இங்குள்ள கிழவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து அவனைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். யார் வீட்டு ரத்தம் என்று கேட்டார்கள். சொன்னேன், முதலிலிருந்து எல்லாம் சொன்னேன், நீ எழுந்து நின்றது வரை. வில்லெம் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பரிசளிப்பு. முதல் இரண்டு பெயர்களுக்குப் பிறகு தலைவர் காகிதத்தைக் கண்ணருகில் கொண்டுபோய், "மூணாவது, கும்பெர்ட்டும்... ரொ... ரோக்லாவும்" என்றார். எல்லோரும் கை தட்டத் தொடங்கினார்கள். நான் எழுந்து, "நிறுத்துங்க. அந்தப் பேரு அப்படி இல்ல" என்றேன். மறுபடி படித்தார், மறுபடி தவறு. மூன்றாம் முறை அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, குஸ்தாவ் ரோகல்லா என்று உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் போய்ப் பரிசை வாங்கினேன்.

யூலியுஸ்